சாவி எவர் மடியில்?

எலான் மஸ்க்கின் செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் இந்திய உரிமம், ஜூலையில் விண்வெளித் துறை அனுமதி அமைப்பான இன்-ஸ்பேஸின் ஐந்தாண்டு அனுமதி. எட்டாத தீவுக்கும் ஏறமுடியாத மலைக்கும் இணையம் போகும் என்பது சொல்லப்பட்ட நியாயம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நிபந்தனைகளுக்கும் குறைவில்லை. தரவு இந்தியாவை விட்டுப் போகக்கூடாது. தரை நிலையம் இங்கேயே இருக்கவேண்டும். தரைக்கட்டமைப்பில் 20 சதவீதமாவது ஐந்து ஆண்டுகளில் உள்நாட்டுச் சரக்காகவேண்டும். எல்லாம் தரையோடு சரி. மேலே சுற்றுகிறதே செயற்கைக்கோள், அதன் சாவி? சேவையை நிறுத்தச் சொல்ல நமக்கு அதிகாரம் உண்டு. நிறுத்தாதே என்று சொல்ல?

இது வீண் பயமல்ல. 2022-இல் கிரிமியா கரையோரம் சேவையைத் திறந்துவிடும்படி உக்ரைன் கேட்டபோது, தான் மறுத்ததாக மஸ்க்கே பின்னர் ஒப்புக்கொண்டார். போரில் இருக்கும் ஒரு நாட்டின் கோரிக்கை ஒற்றை மனிதரின் விருப்பத்தில் முடிந்தது. 2025 ஜூலை 24 அன்று உள் மென்பொருள் கோளாறில் உலகெங்கும் சுமார் இரண்டரை மணி நேரம் ஸ்டார்லிங்க் படுத்துவிட்டது. நம் கடலிலேயே, இங்கே உரிமம் கிடைக்காத 2024 நவம்பரில், சுமார் 6,000 கிலோ மெத்தாம்பெட்டமினோடு அந்தமானருகே பிடிபட்ட மியான்மர் படகில் ஸ்டார்லிங்க் கருவி இருந்தது. உரிமம் தராத காலத்திலேயே இந்த லட்சணம். ஜூலைக் கோளாறு தவிர மற்றதெல்லாம் தெரிந்தவர்கள்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

சொந்தமாகச் செய்ய முடியாதா? சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் மற்றத் தீவுகளுக்கும் சுமார் 2,300 கி.மீ. கடலடிக் கம்பி 2020 ஆகஸ்டில் போய்ச் சேர்ந்ததே! லட்சத்தீவுக்கோ அதே மாதம் ஆயிரம் நாள் கெடு வைத்தார்கள்; கம்பி திறந்தது 2024 ஜனவரி 3-இல், 1,236-ஆம் நாள்.

கெடு தவறுவது நம் அரசுகளுக்குப் புதிதா என்ன? இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை என்று 2011-இல் ஒப்புதல் தந்து, இரண்டே ஆண்டில் முடிப்போம் என்றார்கள். திட்டத்தின் பெயர் மாறியது, கெடு மாறியது. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கான டெண்டர் 2020-இல் ரத்தாகி முதலிலிருந்து தொடங்கியது. விண்ணிலும் நம் கை எட்டவில்லை: தீவுகளையும் எட்டும் நம் ஜிசாட்-என்2 செயற்கைக்கோளின் 4,700 கிலோ எடையை நம் ராக்கெட் தாங்காது என்று 2024 நவம்பரில் ஃபால்கன்-9இல் ஏற்றி அனுப்பினார்கள். ஸ்டார்லிங்க் யாருடையதோ, அந்த ராக்கெட்டும் அவர்களுடையதே.

தருமபுரி மாவட்டத்துத் தொப்பூரில் உட்கார்ந்துகொண்டு தீவுக்காக ஏன் வயிறெரிய வேண்டும் என்று கேட்கலாம். கணவாய் வழியே நால்வழிச் சாலை ஓடுகிறது. ஆனால் இதே மாவட்டத்தின் கோட்டூர் மலைக்கு 2024 தேர்தலிலும் வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை முதுகில்தான் ஏறியது. கடல் சூழாவிட்டால் அது தீவில்லையா? நாளை அந்த மலைக்கும் ஒரு டிஷ் வரும். சாலைக்கும் இழைக்கும் ஒதுக்க வேண்டிய பணத்தை மறுக்க அதையே சாக்காக்குவார்கள். வெளிநாட்டுச் செயற்கைக்கோள் அவசரத்துக்கு இருந்துவிட்டுப் போகட்டும். சொந்த வலையைப் பின்னும் வேலையை இனியாவது ஒழுங்காகத் தொடங்கவேண்டும். புதிய கெடு மட்டும் வேண்டாம். பழையவையே ஏராளமாகக் கிடக்கின்றன.