மூன்று நாட்டுக்கு ஒரே புத்தகமா?

தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் மூன்றையும் சிக்கனமாகச் சுற்றிவர எந்தக் கையேடு வாங்கலாம் என்று என் பழைய மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள். எல்லோருக்கும் உதவுமே என்று இங்கே எழுதுகிறேன்.

ஒரே தடித்த புத்தகம் போதும் என்பது என் கட்சி. லோன்லி பிளானட்டின் தென்கிழக்கு ஆசியச் சிக்கனக் கையேடு முதலில் வந்தது 1975இல். நாட்டுக்கொன்று வாங்கினால் காசும் போகும், தோளும் வலிக்கும்.

கடையில் எடுத்ததும் கோயில் படங்களில் மயங்காதே அம்மா. எல்லை தாண்டும் பக்கங்களைப் புரட்டு. எந்தச் சாவடி, விசா எங்கே, அடுத்த பேருந்து எது என்று இருக்கிறதா? பிறகு அச்சான ஆண்டைப் பார். பாதி விலைக்குக் கிடைத்ததே என்று பழைய பதிப்பை வாங்கிப்போய், அதில் போட்டிருந்த விடுதியைத் தேடி இரவு பத்து மணிக்குப் பெட்டியோடு தெருவில் நின்றவன் நான். அங்கே செருப்புக்கடை இருந்தது. வீட்டில் இன்றும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

பாங்காக்கிலிருந்து அங்கோருக்கு மலிவான வழி போய்பெட் சாவடி என்றுதான் புத்தகங்கள் சொல்லும். 2025இல் இரு நாடுகளுக்கும் மோதல் வந்து அந்த எல்லை மூடப்பட்டது. அதற்கு முன் அச்சடித்த புத்தகத்துக்கு அது எப்படித் தெரியும்? டிக்கெட் போடுமுன் தூதரக அறிவிப்பைப் பார்த்துவிடு. விமானம்தான் வழி என்றால் செலவுக் கணக்கே மாறிப்போகும்.

கணக்கை எழுதி அனுப்பு. சிவப்பு மை இன்னும் இருக்கிறது.