டூர் என்றால் ஊட்டிதானா?

ஒவ்வொரு வருஷமும் டூர் பேச்சை எடுத்தவுடனே வகுப்பில் எழும் குரல் ஒன்றுதான். "ஊட்டி! இல்லாட்டி பெங்களூர்!" பணம் கட்ட முடிந்தவர்கள் பெயர் கொடுக்கிறார்கள். மற்றவர்கள் "வீட்ல வேலை இருக்குடா" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரியும்!

அன்பு நண்பர்களே, ஒருவர் விடாமல் எல்லோரும் போய்வரக்கூடிய ஓர் இடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் குடியம் குகை.

"அது எங்கே இருக்கு?" என்கிறீர்களா? திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் லோக்கல் டிரெயின் ஏறினால் திருவள்ளூர். அங்கிருந்து பஸ்ஸில் பூண்டி. 1944-ல் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டி முடித்த, சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் ஏரி அங்கேதான் இருக்கிறது. அதையும் தாண்டிப் போனால் அல்லிக்குழி மலையடிவாரத்தில் குடியம் கிராமம். அதன் பிறகு காப்புக்காடு, நடைதான். சென்ற தை மாதம் நாங்கள் நாலு பேர் போய்வந்தோம். இருபுறமும் முட்புதர். சட்டையைப் பிடித்து இழுக்கும். கடைகண்ணி எதுவும் கிடையாது.

திடீரென்று மரங்களுக்கு நடுவே ஒரு பெரிய பாறை, கூரை போட்ட மாதிரி கவிந்து நிற்கிறது. உருண்டைக் கூழாங்கற்களும் மணலும் இறுகி உண்டான பாறை அது. சிவில் படிக்கிறவர்கள் பார்த்தால் "யாருடா இங்கே கான்கிரீட் போட்டது?" என்றுதான் கேட்பார்கள். சிமெண்டும் மிக்ஸரும் இல்லாமல் இயற்கை போட்ட கான்கிரீட்!

இதன் கதை நம் பாடப்புத்தகத்தைவிடப் பெரியது. ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியல் ஆய்வாளர் 1863 மே மாதம் பல்லாவரத்தில் கல்லால் செய்த ஒரு கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகள் கிடைத்தன. இந்தியாவின் கற்கால ஆராய்ச்சி தொடங்கியதே இப்படித்தான். 1960-களில் குடியம் குகையிலும் தோண்டிப் பார்த்தார்கள். அங்கும் கல்கருவிகள் கிடைத்தன. அத்திரம்பாக்கத்தின் பழைய கருவிகளுக்கு வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள்.

நம் ஊர் மாசிலாமணீஸ்வரரைச் சுந்தரர் பாடி ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். சரிதான். ஆனால் அந்தக் கல்லைச் செதுக்கிய கைகளின் காலத்தில் நம் மனித இனமே தோன்றவில்லை! அங்கே போய் நின்று எந்த ஜாதிக்காரனும் "எங்க பாட்டன் செஞ்சது" என்று மார்தட்ட முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே நாம் போக வேண்டிய இடம் அது.

"போயும் போயும் கல்லைப் பார்க்கவா?" என்று சிலர் சிரிக்கலாம். ஃபிட்டிங் ஷாப்பில் ஒரு சின்ன ஜாப் முடிக்க நாம் எத்தனை நாள் ஃபைல் போடுகிறோம்? பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்தில் கைக்கோடாரிகளைப் பாருங்கள். இரண்டு பக்கமும் தட்டி, ஓரத்தைக் கூராக்கி, பிடிக்கத் தோதாக விட்டிருக்கிறான். கொத்தனாரான என் அப்பாவிடம் அதை வரைந்து காட்டினேன். "எந்த இடத்துல தட்டுனா எப்படிச் சில்லு தெறிக்கும்னு தெரிஞ்சவன்டா அவன்" என்றார். டிப்ளமாதானே என்று நம்மை மட்டமாகப் பேசுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் ஏது? மனிதன் எழுதப் படிக்கக் கற்பதற்கு எத்தனையோ லட்சம் வருஷம் முன்பே கைவேலை கற்றுவிட்டான்.

"கூட்டமாகப் போனால் அந்த இடம் கெட்டுவிடாதா?" என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. பாறையில் காதலர் பெயர்களையும் வழியில் உடைந்த பாட்டில்களையும் நாங்களே பார்த்தோம். 15 லட்சம் வருஷத்து மிச்சத்தைக் கெடுக்க ஒரு பெயிண்ட் டப்பா போதும். அதனால்தான் அவரவர் இஷ்டத்துக்குப் போகாமல் கல்லூரியாகப் போக வேண்டும் என்கிறேன்.

எனவே மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இதுதான். ஊட்டி போகிறவர்கள் போகட்டும். அதோடு ஒரு நாள் கல்விப் பயணமாகக் குடியத்தையும் சேருங்கள். வனத்துறையிடம் முறைப்படி அனுமதி வாங்குவோம். பிரிவு பிரிவாக, ஆசிரியர் துணையோடு போவோம். முதலில் அருங்காட்சியகம், பிறகு குகை. கல் ஒன்றைக்கூட எடுக்க வேண்டாம். குப்பை ஒன்றைக்கூட விட வேண்டாம். கட்டுச்சோறு வீட்டிலிருந்து, செலவு டிரெயினுக்கும் பஸ்ஸுக்கும் மட்டும்.

அந்தப் பட்டியலிலாவது வகுப்பில் உள்ள அத்தனை பேரின் பெயரும் இருக்கட்டும்!