தண்ணீருக்குப் பயந்த பட்டு

நம் நடுத்தரக் குடும்பங்களில் பீரோவைத் திறந்தால் மேல்தட்டில் ஒரு வெள்ளைத் துணி மூட்டை இருக்கும். உள்ளே இருப்பது கல்யாணப் புடவை. அதைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனால், அந்துருண்டை வாசனையையும் மீறிக்கொண்டு ஒரு புளித்த வாடை வரும். மடிப்போரத்தில் விரலை வைத்தால் காய்ந்த வாழைச் சருகு மாதிரி மொறமொறக்கும். இடுப்பில் செருகிய இடத்தில் ஒரு பழுப்பு. முந்தானையில் எந்தக் காலத்துப் பாயசமோ, ஒரு திட்டு. "இதை ஒரு தடவை அலசினால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். மூலவரைப் பெயர்த்து ஆற்றில் போடச் சொன்னது போல ஒரு பார்வை கிடைக்கும். "பட்டையா? தண்ணீரிலேயா?"

எனக்கு ஆட்சேபம் இந்தப் பயத்தின் மேல்தான். புடவை பழசாகிச் சாவதில்லை. பூச்சி தின்று சாவதும் குறைவு. அழுக்கோடு பூட்டி வைப்பதால்தான் சாகிறது. பூட்டி வைக்கச் சொல்லுகிறவர்களோ பட்டின் பரம பக்தர்கள். நாவல் எழுதுகிறவனுக்குச் சலவைத் துறையில் என்ன அதிகாரம் என்று சிலர் கேட்கக்கூடும். அதிகாரம் ஒன்றுமில்லை. கதைக்காகக் காஞ்சிபுரத்துத் தறிவீடுகளில் போய் உட்கார்ந்து கண்ணால் பார்த்தவன் என்ற அளவில்தான் பேசுகிறேன்.

அந்த ஊர்க் காந்தி சாலையில் ஒரு ஜவுளிக்கடைப் படியேறினால், கடைச் சிப்பந்தி புடவையைப் பெட்டியில் வைக்கும்போதே மந்திரம் மாதிரிச் சொல்லுகிறார்: "தண்ணீரிலே போட்டுடாதீங்க அம்மா, ட்ரை வாஷ்தான்." அங்கிருந்து பிள்ளையார்பாளையம் தூரமில்லை. அந்தப் பக்கத்துச் சாயப்பட்டறை ஒன்றில் எட்டிப் பாருங்கள். கடைக்காரர் தண்ணீரைக் காட்டாதே என்று சொன்ன அதே பட்டு அங்கே கொதிக்கிற தண்ணீரில் முங்கி எழுந்துகொண்டிருக்கும்!

பட்டின் ஜாதகமே தண்ணீரில்தான் தொடங்குகிறது. கூட்டை வெந்நீரில் போட்டால்தான் இழை பிரியும். பிரிந்த இழை வழவழப்பாக இருப்பதில்லை. புழு தன் கூட்டை ஒட்டுவதற்குச் சுரந்த பசை அதைச் சுற்றிக்கொண்டிருக்கும். கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இந்தப் பசை. அதைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைத்து எடுத்தால்தான் நாம் பட்டு என்று கொண்டாடுகிற மினுமினுப்பு வெளியே வரும். பிறகு சாயத் தொட்டி, அதுவும் சூடுதான். பிறகு அலசல். பிறகு சிட்டத்தைக் கழியில் மாட்டி முறுக்கிப் பிழிகிறார்கள். அதற்கும் பிறகு அரிசிக் கஞ்சித் தண்ணீரில் தோய்த்து வெயிலில் காயப் போடுகிறார்கள்; தறியில் இழை விறைப்பாக நிற்க வேண்டுமே. இத்தனையும் தாங்கிய நூல், ஒரு வாளிப் பச்சைத் தண்ணீரைக் கண்டு மூர்ச்சை போட்டுவிடும் என்று நம்மை நம்பவைத்திருக்கிறார்கள்.

காஞ்சிபுரத்தில் இதைச் சொல்ல ஒரு விசேஷக் காரணமும் உண்டு. அந்த ஊர் அத்தி வரதர் அனந்தசரஸ் குளத்துத் தண்ணீருக்குள் 40 வருஷம் சயனித்திருந்துவிட்டு 2019ஆம் வருஷம் 48 நாள் வெளியே வந்தார். தினம் ஒரு நிறத்தில் பட்டு உடுத்தினார். மறுபடியும் தண்ணீருக்குள் போய்விட்டார். மரத்தால் ஆன தெய்வத்துக்குத் தண்ணீரிடம் இல்லாத பயம், அவர் உடுத்திய பட்டுக்கு எப்படி வந்ததோ தெரியவில்லை.

அந்தக் கஞ்சியைக் கொஞ்சம் கவனியுங்கள். புதுப் புடவையின் விறைப்பில் கஞ்சிக்கும் பங்குண்டு. புதிதாக இருக்கும்வரை அது சேவகம் செய்கிறது. ஆனால் கஞ்சி என்பது பசை. உடுத்த உடுத்த அந்தப் பசை வேர்வையை வாங்கிக்கொள்கிறது, தூசியைப் பிடித்துக்கொள்கிறது, ஹோமப் புகையையும் நெய்யையும் சேர்த்து ஒரு படலமாகிவிடுகிறது. ராமபாணப் பூச்சிக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. ஆகவே, பழைய பசையைக் கழுவிக் களைந்து, வேண்டுமானால் புதுப் பசை போடுவது என்பது அலங்கார வேலை அல்ல, துணிக்கு உயிர்ப்பிச்சை.

நம் வழக்கம் இதற்கு நேர் எதிரானது. முதலில் பெட்ரோல் வாஷ். பிறகு பாலிஷ்.

பெட்ரோல் வாஷ் என்று ஊரில் சொல்லுகிற உலர் சலவைக்குப் பெரிய வம்சாவளி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸ் நகரத்தில் ஜோலி என்ற சாயக்காரர் வீட்டில், வேலைக்காரி மேஜை விரிப்பின் மேல் விளக்கெண்ணெயைக் கொட்டிவிட, கொட்டிய இடம் மட்டும் பளிச்சென்று ஆயிற்றாம். (விளக்கில் எரிக்கிற எண்ணெய், நம் ஆமணக்கெண்ணெய் என்று நினைத்து யாரும் பரீட்சை பண்ண வேண்டாம்.) கதை நிஜமோ பொய்யோ, அதிலிருந்து ஒரு தத்துவம் விளங்குகிறது: எண்ணெயை எண்ணெய்தான் கரைக்கும். நெய், மை, உதட்டுச் சாயம் இவையெல்லாம் பெட்ரோலில் போகும். ஆனால் வேர்வையின் உப்பு பெட்ரோலில் கரையாது. பாயசத்தின் சர்க்கரை கரையாது. நீர்மோர் கரையாது. முகூர்த்தப் பந்தலில் சித்திரை மாதத்து வெயிலில் ஒன்பது கஜம் பட்டைச் சுற்றிக்கொண்டு ஹோமத் தீ முன் மூன்று மணி நேரம் உட்கார்ந்த பெண்ணின் புடவையில் மிஞ்சியிருப்பது லிப்ஸ்டிக்கா, உப்பா? உப்பு அப்படியே இருக்கிறது. புடவை மட்டும் மணக்கிறது. சில வருஷம் கழித்து அந்த இடத்தில் பட்டு நைந்து, ஜரிகை கறுக்கும்போது, "அந்தக் காலத்துச் சரக்கு மாதிரி இல்லை" என்று நெசவாளியைத் திட்டுகிறோம்.

போகட்டும், அந்தத் திரவமாவது சாதுவா? உலகம் பூராவும் உலர் சலவைக்குப் பெயர்போன பெர்குளோரோஎத்திலீன், மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு வகைப்படுத்தியிருக்கிறது. அமெரிக்க அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் முகமை, அதை உலர் சலவையிலிருந்து பத்து வருஷத்துக்குள் படிப்படியாக விலக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் விதி செய்தது. அதை முகர்ந்துகொண்டே நாள் முழுவதும் நிற்பவன் புடவைக்காரி அல்ல, சலவைத் தொழிலாளி. சலவைத் தொழிலாளிக்கு நான் விரோதியல்ல என்பதற்காக இதைச் சொல்லுகிறேன். பட்டைத் தண்ணீரில் பக்குவமாக அலசத் தெரிந்த வண்ணார்கள் இந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். அவர்கள் கைப்பழக்கத்துக்கு நாம் கொடுத்த மரியாதை நமக்கே தெரியும்.

இனி இந்தப் பாலிஷ். இதைப் பற்றி நிதானமாக எழுத எனக்கு வருவதில்லை. ஈரப்படுத்தி, பசை தடவி, உருளைகளில் இழுத்து விறைப்பாகச் சுற்றிக் கொடுக்கிறார்கள். புடவை புத்தம் புதிதாக மின்னுகிறது. அட்டை போல நிற்கிறது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அடியில் இருந்த பழைய பசையும் அழுக்கும் எங்கே போயின? எங்கும் போகவில்லை. குளிக்காத உடம்புக்குச் சந்தனம் பூசியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தாழம்பூ நிறப் புடவை ஒன்று இப்படி நாலு தடவை ஒரு கடைக்குப் போய்வந்தது. ஐந்தாம் தடவை நவராத்திரிக்குப் பிரித்தபோது மடித்த மடிப்பிலேயே அப்பளம் மாதிரி விண்டுவிட்டது. "பழசு சார், நாங்க என்ன செய்யறது?" என்றார் கடைக்காரர். கடையின் பெயர் நமக்கு எதற்கு? இந்த வித்தையைச் செய்யாத கடை எது என்று தேடுவதுதான் கஷ்டம்.

வீட்டில் செய்வது எப்படி என்று சொல்லாமல் திட்டிக்கொண்டே போவது நியாயமில்லை.

முதலில் சாயப் பரீட்சை. வெள்ளைத் துணியை நனைத்து, உள்முனையில் மறைவான ஓர் இடத்தில் ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். கோர்வைப் புடவையானால் உடலும் கரையும் முந்தானையும் தனித்தனிச் சாயம். மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். வெள்ளைத் துணியில் நிறம் ஏறினால், நிறுத்திவிடுங்கள். அந்தப் புடவையை நனைக்காதீர்கள். அரக்குக் கரை மாம்பழ உடலில் இறங்கினால் பிரம்மாவாலும் திருப்ப முடியாது. இந்த ஒரு விஷயத்தில் பயக்காரர்கள் சொல்வது சரிதான். ஆனால் அது பட்டின் குற்றமா? சரியாகக் காய்ச்சாத, சரியாக அலசாத, அவசரச் சாயத்தின் குற்றம். அந்தக் குற்றத்தை மூடி மறைக்கத்தான் "தண்ணீரிலே போடாதீங்க" என்ற மந்திரம் இத்தனை சௌகரியமாக உதவுகிறது என்பது என் திடமான சந்தேகம்.

நிறம் நின்றால், பூந்திக்கொட்டை. கொட்டையை நீக்கித் தோலை இரவே ஊறவைத்து, காலையில் பிசைந்து, துணியில் இரண்டு தடவை வடிகட்டினால் நுரைக்கிற பழுப்புத் தண்ணீர் கிடைக்கும். சவுக்காரத்தைவிட இது எதற்கு? சவுக்காரம் காரம், பட்டுக்குக் காரம் நாளடைவில் ஆகாது. சாயப்பட்டறையில் சோடா போடுகிறார்களே என்றால், அங்கே பசையை உரிப்பதற்காக அளந்து, நேரம் பார்த்து ஒரே தடவை போடுகிறார்கள். போதாததற்கு நம் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் சவுக்காரம் திரிந்து, வெள்ளைப் பொருக்காக இழையில் ஒட்டிக்கொள்கிறது. பூந்திக்கொட்டை அப்படித் திரிவதில்லை. பெரிய வாளியில், பச்சைத் தண்ணீரில், பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். அமுக்கி அமுக்கி எடுக்க வேண்டுமே தவிர, தேய்க்கக் கூடாது, முறுக்கக் கூடாது. முதல் தண்ணீர் வடிகட்டின தேநீர் மாதிரி வரும். அதைப் பார்த்த பிறகு யாருக்கும் என் கட்டுரை தேவைப்படாது.

நுரை போகுமட்டும் அலசி, கடைசிக்கு முந்திய தண்ணீரில் ஒரு கரண்டி வினிகர் விடலாம். பட்டுக்கு ஒரு சரசரப்பு உண்டே, அது மெல்லிய புளிப்பில்தான் வரும். மேல்நாட்டுப் பட்டாலைகளும் அறிந்த ரகசியம். பிறகு பருத்தித் துண்டில் பாய் மாதிரிச் சுருட்டி ஈரத்தை வாங்கி, நிழலில் பரப்பிக் காயப் போட வேண்டும். கொடியில் ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டால் ஜரிகையின் கனமே கரையை இழுத்துக் கோணலாக்கிவிடும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். வீட்டுக்காரர் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு ஒரு முனையைப் பிடித்தால் அவர் அந்தஸ்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. அந்தப் புடவைக்குப் பில் கொடுத்தவர் தாம்தான் என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்தானே!

கஞ்சி? உடுத்தப் போகிறீர்கள் என்றால் சாதம் வடித்த கஞ்சியைத் தண்ணீராகக் கரைத்து வடிகட்டி, லேசாகக் காட்டலாம். பெட்டியில் வைக்கப் போகிறீர்கள் என்றால் கூடவே கூடாது. கஞ்சி போட்டுப் பூட்டுவது பூச்சிக்கு இலை போட்டுவிட்டு வருவது.

கறுத்த ஜரிகையைப் புளி போட்டுத் தேய்க்கிற சாமர்த்தியசாலிகளுக்கும் ஒரு வார்த்தை. நல்ல ஜரிகை என்பது வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சிவப்புப் பட்டிழையின் மேல் சுற்றி, மேலே பொன்முலாம் பூசியது. பொன் என்பது ஒரு மூச்சளவுதான் இருக்கிறது. குத்துவிளக்கைத் தேய்க்கிற கையோடு அதைத் தேய்த்தால் மிஞ்சுவது வெள்ளி, அப்புறம் சிவப்பு நூல்.

இதில் இத்தனை ஆவேசம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்குப் பழைய பட்டுப் புடவை வாங்குகிறவர்களைக் காட்டுகிறேன். எல்லா ஊர்க் கடைத்தெருவிலும் பலகை தொங்குகிறது. வாடையடிக்கிறது, மொறமொறக்கிறது, இனி உதவாது என்று நாம் கைகழுவும் புடவைகளை எடை போட்டு எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு எரிக்கிறார்கள். பட்டு சாம்பலாகிறது, வெள்ளி உருகி மிஞ்சுகிறது. அந்த வெள்ளிக்குத்தான் விலை. இரண்டு பேர் தறியின் இரு பக்கமும் உட்கார்ந்து, மூன்று நாடாக்களை மாற்றி மாற்றி வீசி, கரையையும் உடலையும் இழை இழையாகக் கோத்த வாரக்கணக்கான உழைப்புக்கு அங்கே காலணா கிடையாது. 2005-06இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கினோம். பெயரை யாரும் திருடிவிடக் கூடாதாம். நெய்த துணியை நாமே அடுப்பில் வைக்கிறோம், அதற்குக் குறியீடு ஏது?

பட்டே வேண்டாம் என்று சொன்ன பெரியவர் ஒருவரும் அதே ஊரில் இருந்தார். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான உயிர்கள் வேகின்றன என்பதால் காஞ்சி காமகோடி பீடத்துச் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் அதை விலக்கச் சொன்னார். அவர் சொல்லை ஏற்று வாங்காமலிருப்பது ஒரு கண்ணியம். வாங்கிவிட்டு, "பட்டுக்குத் தீட்டில்லை, மடி போகாது, தோய்க்க வேண்டாம்" என்று அதே பரம்பரையின் பெயரால் அழுக்கோடு மக்க விடுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அடுத்த முகூர்த்தத்துக்குக் காந்தி சாலைக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சில்க் மார்க் சீட்டு, நூல் சுத்தப் பட்டு என்று மட்டும்தான் சொல்லும். சாயத்தைப் பற்றி அது பேசாது. பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு, புடவையின் உள்முனையைக் காட்டச் சொல்லுங்கள். மூன்று நிறத்தையும் சோதித்துப் பாருங்கள். சாயம் போகாது என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் எதிர்ச் சாரியிலும் கடைகள் இருக்கின்றன.