அரும்பு யார், மலர் யார்?

மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்ட ஒரு குழந்தை இன்னும் 'அரும்பு' நிலையில் இருக்கிறாள் என்று பதிவேடு சொன்னால், அது யாரைப் பற்றிய மதிப்பீடு? அந்தக் குழந்தையைப் பற்றியதா, அவளை இரண்டு ஆண்டுகள் வகுப்பில் வைத்திருந்த பள்ளியைப் பற்றியதா? தொடக்கக் கல்வியில் இலக்கு நிர்ணயிப்பது பற்றிப் பேசுகிற எல்லோரும் முதலில் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட, 2022 ஜூனில் தமிழ்நாடு அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குகளைப் போட வேண்டும் என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளில் பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பயிற்சி நூல்கள் தரப்பட்டன. பாட்டு, கதை, விளையாட்டு வழியாகப் பாடம் நடந்தது. எழுத்தே தெரியாத குழந்தையின் முன்னால் நாற்பதாம் பக்கத்தைத் திறந்துவைத்து 'வாசி' என்று அதட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். இந்தத் திட்டத்தை எதிர்க்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

இதற்கு ஒரு முன்வரலாறும் உண்டு. ரிஷிவேலி பள்ளியின் அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்டு, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிந்தது. எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்பதைச் சுவரில் தொங்கிய 'கற்றல் ஏணி' காட்டியது. ஆசிரியர் பிள்ளைகளோடு தரையில் பாயில் உட்கார்ந்தார். குழந்தைகளின் உயரத்துக்குச் சுவரின் கீழ்ப்பகுதி கரும்பலகையாக மாறியது. செங்கல் சூளைக்குப் பெற்றோருடன் போய் மூன்று மாதம் கழித்துத் திரும்பும் பிள்ளை, விட்ட அட்டையிலிருந்தே தொடர முடிந்தது.

சாதி ஒழிப்பு நோக்கில் இவை சின்ன விஷயங்கள் அல்ல. அம்பேத்கர் சிறுவனாக வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கில்தான் வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது. அவரைக் கரும்பலகையில் கணக்குப் போட ஆசிரியர் அழைத்தபோது, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தங்கள் சோற்றுப் பாத்திரங்கள் தீட்டாகிவிடும் என்று மற்ற பிள்ளைகள் ஓடிப்போய் அவற்றை எடுத்தார்கள் என அவர் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. எல்லோரும் ஒரே பாயில் உட்கார்வதும், ஒரே தட்டிலிருந்து அட்டை எடுப்பதும், ஒவ்வொருவரும் பலகையைத் தொடுவதும் அந்த வரலாற்றுக்கு எதிரான செயல்பாடுகள்.

ஆனால் ஏணி என்ற சொல்லைக் கேட்டதும் நாம் எச்சரிக்கையாக வேண்டும். சாதியும் படிநிலைதான். கற்றல் ஏணியில் எல்லோரும் ஏற முடியும் என்பதுதான் வேறுபாடு. ஏற முடியாமல் ஒரு குழு ஆண்டுக்கணக்கில் கீழ்ப்படியிலேயே தங்கிவிட்டால் அந்த வேறுபாடும் போய்விடும்.

குழந்தைகளைப் பிரிக்கும்போது யாரும் சாதி கேட்பதில்லை, உண்மைதான். ஆனால் வீட்டில் புத்தகம் இருக்கிற பிள்ளையும், நூறு நாள் வேலை முடித்து அலுத்து வரும் அம்மாவின் பிள்ளையும் ஒரே இடத்திலிருந்து தொடங்குவதில்லை. காலனியிலிருந்து வரும் குழந்தை பேசும் பேச்சைக் 'கொச்சை' என்று திருத்திக்கொண்டே இருந்தால் அது வாய் திறப்பதையே நிறுத்திவிடும். பேசாத குழந்தையைத் 'தெரியாத' குழந்தை என்று பதிவேட்டில் எழுதிவிடுவது எளிது. பட்டியலினப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவவைத்த வழக்கில் 2022இல் ஈரோடு மாவட்டத்தின் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை ஒருவர் கைதானதை நாம் மறந்துவிடவில்லை. பாட நேரத்தில் துடைப்பம் பிடிக்கும் கையில் அட்டை எப்படி இருக்கும்?

ஆகவே இலக்கு எப்படி இருக்க வேண்டும்? முதலில், அது குழந்தைக்குப் புரிகிற சின்ன இலக்காக இருக்கட்டும். 'இந்த வாரம் என் தெருவில் இருக்கிற ஐந்து பேரின் பெயரை எழுதுவேன்', 'புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கூட்டிவைத்து ஐம்பது வரை எண்ணுவேன்' என்பது போல. அது வகுப்பறைக்குள்ளேயே முடிய வேண்டும். வீட்டின் உதவியை நம்பி வைக்கிற இலக்கு, படித்த வீட்டுக்கு மட்டுமே வைக்கிற இலக்கு.

இரண்டாவது, குழு என்பது சில வாரங்களுக்கான ஏற்பாடு, பிள்ளையின் பெயர் அல்ல. 'ஏய் அரும்பு' என்று ஒருமுறைகூடக் கூப்பிடக் கூடாது. கதை, பாட்டு, விளையாட்டு, சாப்பாடு எல்லாவற்றுக்கும் எல்லாக் குழந்தைகளும் கலந்துதான் உட்கார வேண்டும்.

மூன்றாவது, எட்டாத இலக்குக்குப் பள்ளியும் அரசும் பொறுப்பேற்க வேண்டும். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கிற பள்ளிகள் இங்கே ஏராளம். செயலியில் மதிப்பெண்ணை ஏற்றவே அவர்களின் நேரம் கரைகிறது. அந்தத் தரவு ஆசிரியரை மிரட்டுவதற்கு அல்ல, எந்தப் பள்ளிக்குக் கூடுதல் ஆசிரியர் வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்குப் பயன்பட வேண்டும்.

தோழர்களே, பள்ளிச் சாதியம் என்றதும் நாம் கையில் கட்டும் கயிற்றையும் மேல்நிலை வகுப்பு மோதலையும்தான் பேசுகிறோம். அதற்குப் பத்தாண்டு முன்பே ஒன்றாம் வகுப்பில் யார் எங்கே உட்கார்வது என்பது முடிவாகிவிடுகிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பேர் பெற்றோர்தான். உங்கள் ஊர்க் குழுவில் இருக்கும் அக்காக்களிடமும் அண்ணன்களிடமும் பேசுங்கள். அடுத்த கூட்டத்தில் அவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: ஜூனில் கீழ்ப்படியில் இருந்த பிள்ளைகளில் யார் யார் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள், அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள்?