மணி அடித்தால் போதுமா?

வங்கிச் செயலி, பள்ளியின் இணையத்தளம், உணவு தருவிக்கும் செயலி ஆகிய எல்லாவற்றுக்கும் பின்னால் சேவையகங்கள் இயங்குகின்றன. கேட்பவருக்கு வேண்டிய தகவலை எடுத்துக் கொடுக்கும் கணினியே சேவையகம். முன்பு நிறுவனங்கள் அவற்றைத் தங்கள் கட்டடத்திலேயே வைத்துப் பராமரித்தன. இப்போது பல நிறுவனங்கள் மேகக் கணிமைச் சேவையின் வழியாக அவற்றை வாடகைக்கு எடுக்கின்றன. மேகம் என்பது பெயர்தான். அந்தக் கணினிகளும் ஏதோ ஒரு தரவு மையத்தில், தரையில்தான் நிற்கின்றன. மின்சாரம் தடைப்பட்டாலோ வெப்பம் கூடினாலோ அவையும் செயலிழக்கும்.

2023 அக்டோபர் 14ஆம் தேதி சிங்கப்பூர் மக்கள் இதை நேரில் உணர்ந்தனர். ஒரு தரவு மையத்தின் குளிரூட்டும் அமைப்பில் கோளாறு ஏற்பட்டதால் டிபிஎஸ், சிட்டிபேங்க் ஆகிய இரு வங்கிகளின் சேவைகள் தடைப்பட்டன. சுமார் 2.5 மில்லியன் வரையிலான பணம் செலுத்தும் பரிவர்த்தனைகளும் தானியங்கி வங்கி இயந்திரப் பரிவர்த்தனைகளும் நிறைவேறவில்லை. சேவையகம் நிற்பது கணினி வல்லுநரின் கவலை மட்டுமன்று, சாமானியரின் அன்றாட வாழ்க்கையையும் அது பாதிக்கும் என்பதற்கு இது சான்று.

பெரிய வங்கிகளில் சேவையகங்களைக் கவனிக்க இரவு பகலாகப் பணியாளர்கள் உள்ளனர். சிறு கடைக்கோ பள்ளிக் கழகத்துக்கோ அந்த வசதி இல்லை. வீட்டில் விளக்கு அணைந்தால் உடனே தெரியும். சேவையகமோ ஓசையின்றி நின்றுவிடும். வாடிக்கையாளர் குறைகூறிய பிறகுதான் உரிமையாளருக்கே செய்தி தெரியும். இக்குறையைப் போக்கவே சேவையகக் கண்காணிப்புச் சேவைகள் தோன்றின. அவற்றுள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்திப் பார்ப்பது வரவேற்கத்தக்கது. ஆனால், பதிவு செய்தவுடனே பாதுகாப்பு வந்துவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. எச்சரிக்கை மணி ஒலிக்கிறதா, அது உரியவர் காதில் விழுகிறதா, கேட்டவர் எழுந்து செயல்படுகிறாரா என்ற மூன்றையும் சோதித்த பின்னரே அச்சேவையை நம்ப வேண்டும்.

கண்காணிப்பு இரண்டு வகைகளில் நடைபெறுகிறது. முதல் வகை, வெளியிலிருந்து பார்ப்பது. கண்காணிப்புச் சேவை குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை இணையத்தளத்தைத் தட்டிப் பார்க்கும். பதில் வராவிட்டால் உரிமையாளருக்கு மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்பும். இரண்டாம் வகை, உள்ளிருந்து பார்ப்பது. சேவையகத்திற்குள் நிறுவப்படும் ஒரு சிறு மென்பொருள் செயலகத்தின் சுமை, நினைவகத்தின் அளவு, வட்டில் எஞ்சியுள்ள இடம் ஆகியவற்றை அளந்து தெரிவிக்கும். முதல் வகை, நோயாளி மயங்கி விழுந்ததைச் சொல்லும். இரண்டாம் வகை, காய்ச்சல் ஏறும்போதே சொல்லும். இரண்டும் தேவை.

இச்சேவையால் வேறொரு பயனும் உண்டு. மேகக் கணிமை நிறுவனங்கள் தங்கள் சேவையகம் 99.9 விழுக்காடு நேரம் இயங்கும் என்பது போன்ற உறுதிமொழிகளை அளிக்கின்றன. கேட்பதற்கு அது முழுமையானதாகத் தோன்றும். ஆனால், ஓராண்டில் 8,760 மணி நேரம் உள்ளது. அதில் 0.1 விழுக்காடு என்பது ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம் ஆகும். அவ்வளவு நேரம் சேவை நின்றாலும் உறுதிமொழி மீறப்படவில்லை என்றே பொருள். உண்மையில் எவ்வளவு நேரம் நின்றது என்பதை அறிய வாடிக்கையாளரிடம் தனிப்பதிவு இருக்க வேண்டும். கண்காணிப்புச் சேவை அந்தப் பதிவைத் தருகிறது.

இலவசச் சேவைக்கு எல்லைகள் உண்டு என்பதை மறுக்க முடியாது. எடுத்துக்காட்டாக, அமேசான் நிறுவனத்தின் கிளவுட்வாட்ச் சேவையை எடுத்துக்கொள்ளலாம். அது தன் மேகச் சேவையகத்தின் அளவீடுகளைக் கட்டணமின்றி 5 நிமிடத்துக்கு ஒருமுறை தருகிறது. ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை வேண்டுமென்றால் கட்டணம் செலுத்த வேண்டும். மேலும், நினைவகம் எவ்வளவு நிரம்பியுள்ளது என்பதை அது தானாகக் காட்டுவதில்லை. அதற்குத் தனி மென்பொருளைச் சேவையகத்தில் நிறுவ வேண்டும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை மட்டுமே வெளியிலிருந்து தட்டிப் பார்க்கும் சேவையிலும் இதேபோன்ற குறை உண்டு. இரு சோதனைகளுக்கு இடையில் 4 நிமிடம் நின்று மீண்ட இணையத்தளம், நிற்கவே இல்லை என்று பதிவாகிவிடும். சிறிய இணையத்தளத்துக்கு இது பெருங்குறையன்று. ஆனால், இந்த எல்லையை அறியாமல் பயன்படுத்துவது ஆபத்து.

எல்லையை அறிந்தபின் செய்ய வேண்டிய முதல் வேலை, மணியைச் சோதிப்பதாகும். பலர் திரையில் ஓடும் வண்ண வரைபடங்களைப் பார்த்து மனநிறைவு அடைந்துவிடுகின்றனர். வரைபடத்தை எந்நேரமும் யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே, யாருக்கும் இடையூறு இல்லாத நேரத்தில் சோதனைச் சேவையகம் ஒன்றை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்க வேண்டும். எத்தனை நிமிடத்தில் எச்சரிக்கை வந்தது? திறன்பேசிக்கு வந்ததா, தேவையற்ற மின்னஞ்சல்களுக்கான பெட்டியில் விழுந்ததா? பொறுப்பாளர் ஊரில் இல்லாவிட்டால் அடுத்தவருக்குச் செல்கிறதா? இவற்றுக்கு விடை கிடைத்த பின்னரே சோதனை நிறைவடைகிறது.

இது தேவையற்ற அச்சம் என்று சிலர் கருதலாம். கிட்லேப் நிறுவனத்தின் அனுபவம் அவர்களுக்கு மறுமொழியாகும். 2017 ஜனவரி 31ஆம் தேதி அந்நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், பழுதைச் சரிசெய்யும்போது தவறான சேவையகத்திலிருந்து தரவுகளை நீக்கிவிட்டார். அவற்றைக் காப்புப் பிரதியிலிருந்து மீட்க முயன்றபோதுதான், வழக்கமாகப் பிரதி எடுக்கும் பணி தோல்வியுற்று வந்தது தெரிந்தது. தோல்வியை மின்னஞ்சல் வழி தெரிவிக்கும் ஏற்பாடு இருக்கத்தான் செய்தது. ஆனால், அம்மின்னஞ்சல்கள் ஏற்கப்படாமல் திருப்பப்பட்டதால் யாரையும் சென்றடையவில்லை. ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுக்கப்பட்டிருந்த வேறொரு பிரதியே பெரும்பகுதித் தரவைக் காப்பாற்றியது. மணி ஒலித்தது, கேட்கத்தான் ஆளில்லை.

காவலாளி எங்கு நிற்கிறார் என்பதும் முக்கியம். 2017 பிப்ரவரி 28ஆம் தேதி அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை சில மணி நேரம் தடைப்பட்டது. சேவைகளின் நிலவரத்தை வாடிக்கையாளருக்குக் காட்டும் பக்கத்தைப் புதுப்பிக்கும் வசதியும் அதே எஸ்3 சேவையையே நம்பியிருந்தது. அதனால், சேவை நின்றுவிட்டது என்பதை அந்தப் பக்கத்தில் உடனே காட்ட இயலவில்லை. தீப்பற்றிய வீட்டுக்குள் பூட்டப்பட்ட காவலாளியால் ஊரை எழுப்ப முடியாது. எனவே, கண்காணிக்கும் சேவை, கண்காணிக்கப்படும் சேவையகத்துக்கு வெளியே, முடிந்தால் வேறொரு நிறுவனத்திடம் இருப்பது நலம்.

மணி அடிக்காமல் இருப்பது ஒரு குறை என்றால், ஓயாமல் அடிப்பது மற்றொரு குறை. செயலகத்தின் சுமை ஒரு கணம் உயர்ந்தாலும் எச்சரிக்கை வரும்படி அமைத்தால் ஒரே நாளில் பல செய்திகள் குவியும். "புலி வருது, புலி வருது" என்று பொய்யாகக் கத்திய சிறுவனின் கதைதான் அங்கும் நடக்கும். உண்மையிலேயே புலி வரும் நாளில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சுமை தொடர்ந்து 10 நிமிடம் உயர்ந்திருந்தால் மட்டும் எச்சரிக்க வேண்டும் என்பது போன்ற அளவான வரையறையே பயன் தரும்.

இலவசமாகக் கிடைப்பதை நம்பக் கூடாது என்று வாதிடுவோரும் உள்ளனர். அவர்களின் கவலையிலும் நியாயம் இருக்கிறது. சேவையகத்திற்குள் பிறருடைய மென்பொருளை நிறுவுவது, வீட்டுச் சாவியை மற்றவரிடம் கொடுப்பதற்கு ஒப்பாகும். ஆகவே, அதற்குத் தேவையான அனுமதியை மட்டுமே அளிக்க வேண்டும். கடன் அட்டை விவரம் கேட்கப்பட்டால், சோதனைக் காலம் முடிந்ததும் கட்டணம் தொடங்குமா என்பதை நிபந்தனைகளில் படித்துத் தெளிய வேண்டும். இவ்வாறு எச்சரிக்கையுடன் நடந்துகொண்டால் அந்தக் கவலையைப் பெரிதும் குறைக்கலாம். கட்டணம் செலுத்தினாலும் இதே எச்சரிக்கை தேவைதான். பணம் கட்டிய மணியையும் யாராவது கேட்டால்தான் பயன்.

ஆதலால், கணினித் துறையில் ஆர்வமுள்ள மாணவர்கள் இலவசக் கண்காணிப்புச் சேவையைத் தயங்காமல் முயன்று பார்க்கலாம். பள்ளிக் கழகத்தின் இணையத்தளமே அதற்குப் போதுமான களம். ஆசிரியரின் ஒப்புதலோடு அதை அமைத்து, எச்சரிக்கை வரும்போது முதலில் செயல்பட வேண்டியவர் யார், அவர் இல்லாவிட்டால் அடுத்தவர் யார் என்பதை எழுதி வைக்க வேண்டும். கண் விழித்திருக்கும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைக்க முடியாது.