பழைய ஹார்ட் டிஸ்க்: பூட் செய்யும் முன் காப்பி செய்யுங்கள்

"மாப்ளே, விண்டோஸ் போயிடுச்சு, ஃபார்மட் அடிச்சிடலாமான்னு கடைப் பையன் கேக்கறான். என்ன சொல்லட்டும்?"

ஆரணியில் பட்டுச் சேலைகளுக்கு டிசைன் போட்டுக் கொடுக்கும் என் மாமா, 2025-இல் ஒரு நாள் எனக்கு போன் செய்து கேட்ட கேள்வி இது. அவருடைய கம்ப்யூட்டர் 2009-இல் வாங்கியது, விண்டோஸ் எக்ஸ்பி. மதர்போர்ட் போய்விட்டது. கடையில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி ஆன் செய்திருக்கிறார்கள். நீலத் திரை வந்து நின்றுவிட்டது. அந்த டிஸ்க்கில்தான் 15 ஆண்டுகளாக அவர் வரைந்த கரை, முந்தானை, புட்டா டிசைன்கள் எல்லாம் இருந்தன. வேறெங்கும் ஒரு காப்பி கூடக் கிடையாது.

"எதையும் தொட வேண்டாம்னு சொல்லுங்க மாமா. டிஸ்க்கை மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க. ஞாயித்துக்கிழமை நான் வர்றேன்" என்றேன்.

இது என் மாமாவின் பிரச்சினை மட்டுமல்ல. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்து வந்த வழக்கமான இலவச ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கம்ப்யூட்டர்களை ஓரம் கட்டிவிட்டுப் பலரும் புதிது வாங்குகிறார்கள். வாங்கியதும் தோன்றும் எண்ணம் ஒன்றுதான்: "பழைய டிஸ்க்கை அப்படியே கழற்றி இதில் மாட்டிவிட்டால் எல்லாம் வந்துவிடுமே!" வருமா?

அட்டையும் டிசைனும்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஜக்கார்டு தறியைப் பார்த்திருப்பீர்கள். மேலே பெட்டி, அதில் துளையிட்ட அட்டைகள். துளை இருக்கும் இடத்தில் கொக்கி தூக்கும். இல்லாத இடத்தில் தூக்காது. 1804-இல் பிரான்ஸில் ஜக்கார்டு கொண்டுவந்த இந்த அட்டை முறையைத்தான் பிற்பாடு சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். அந்த வகையில் கம்ப்யூட்டருக்குத் தறி ஒரு பாட்டன் முறை.

240 கொக்கிப் பெட்டிக்கு அடித்த அட்டைகளை 120 கொக்கிப் பெட்டியில் மாட்டினால் ஓடுமா? ஓடாது. அதற்காக டிசைன் வரைந்த தாளை யாராவது கிழித்துப் போடுவார்களா? மாட்டார்கள். புதிய பெட்டிக்கு ஏற்றபடி வேறு அட்டை அடிப்பார்கள். உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸ் அந்த அட்டை; உங்கள் ஃபைல்கள் டிசைன். நீலத் திரை சொல்வது அட்டை பொருந்தவில்லை என்பதை மட்டும்தான். ஃபைல்கள் போய்விட்டன என்று அது சொல்லவில்லை. இந்த வித்தியாசம் தெரியாததால்தான் பல வீடுகளில் போட்டோக்களும் கணக்குகளும் அழிந்து போகின்றன.

ஏன் பூட் ஆவதில்லை?

மூன்று இடங்களில் தடங்கல் வரும். முதலாவது, பழைய டிஸ்க்குகள் பயாஸ் முறையில் பூட் ஆகும்படி தயாரிக்கப்பட்டவை. புதிய மதர்போர்டுகள் யுஇஎஃப்ஐ முறைக்கு மாறிவிட்டன. பழைய முறையை 2020-க்குள் கைவிடப் போவதாக இன்டெல் 2017-இலேயே அறிவித்தது. எனவே டிஸ்க் நல்ல நிலையில் இருந்தும், பூட் செய்ய எதுவும் இல்லை என்று புதிய கம்ப்யூட்டர் சொல்லலாம்.

இரண்டாவது, டிரைவர். எக்ஸ்பியும் விண்டோஸ் 7-ம் இன்ஸ்டால் ஆனபோது இருந்த டிஸ்க் கன்ட்ரோலரின் டிரைவரை நம்பித்தான் எழும். கன்ட்ரோலர் மாறினால் தன் டிஸ்க்கையே அவற்றால் படிக்க முடியாது. 7பி என்று முடியும் பிழை எண்ணுடன் வரும் நீலத் திரை இதுதான். மாமாவுக்கு வந்ததும் இதுவே.

மூன்றாவது, லைசென்ஸ். கம்ப்யூட்டருடன் சேர்ந்து வந்த விண்டோஸ் பொதுவாக அந்த மதர்போர்டுக்கு மட்டுமே உரியது. தனியாகக் கடையில் வாங்கியதென்றால் மாற்றிக்கொள்ளலாம்.

"நான் போட்டேன், எனக்கு பூட் ஆச்சே!" என்று நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான். விண்டோஸ் 8-க்குப் பிறகு வந்தவை புதிய ஹார்டுவேரைத் தானே கண்டறிந்து பெரும்பாலும் எழுந்துவிடும். லினக்ஸோ இதில் இன்னும் தாராளம். ஒவ்வொரு முறையும் எதிரில் என்ன இருக்கிறது என்று பார்த்து அதற்கேற்ற டிரைவரை எடுத்துக்கொள்ளும். ஆனாலும் முதல் வேலையாக பூட் செய்வதை நான் எதிர்க்கிறேன். காரணம், பூட் ஆகத் தொடங்கிய நொடியிலிருந்து விண்டோஸ் அந்த டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருக்கும். புதிய டிரைவர்கள், ரெஜிஸ்ட்ரி மாற்றங்கள், சில நேரம் தானாக ஓடும் டிஸ்க் சரிபார்ப்பு என்று வரிசையாக நடக்கும். வயதான டிஸ்க்குக்கு இது தேவையில்லாத பாரம்.

கடைப் பையனை மட்டும் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, பக்கத்து வீட்டு அக்காவின் டிஸ்க்கை என் கம்ப்யூட்டரில் மாட்டினேன். பூட் ஆகவில்லை. மேலேயே புதிதாக விண்டோஸ் இன்ஸ்டால் செய்தேன். இடையில் பார்ட்டிஷனை ஃபார்மட்டும் செய்துவிட்டேன். அவர் குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோக்கள் அதில்தான் இருந்தன. "பரவாயில்ல தம்பி" என்றார். அந்த வார்த்தை இன்றும் உறுத்துகிறது.

என்ன செய்ய வேண்டும்?

சாட்டா-யுஎஸ்பி கேபிள் ஒன்று வாங்குங்கள். லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்க்குக்கு யுஎஸ்பி மின்சாரமே போதும். டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் அடாப்டர் சேர்ந்து வரும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். அகலமான பட்டைக் கேபிள் கொண்ட ஐடிஇ டிஸ்க் என்றால் அதற்கும் தனி அடாப்டர் உண்டு. பிறகு,

1. புதிய கம்ப்யூட்டரை அதன் சொந்த விண்டோஸில் பூட் செய்துவிட்டு, அதன் பின் பழைய டிஸ்க்கைப் பென் டிரைவ் போலச் செருகுங்கள்.

2. "இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல் கொடுங்கள். எக்காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள்.

3. யூசர் ஃபோல்டரைத் திறக்க அனுமதி இல்லை என்று வந்தால் பயப்பட வேண்டாம். கன்டினியூ கொடுத்தால் பெரும்பாலும் திறக்கும்.

4. பிட்லாக்கர் போட்ட டிஸ்க் என்றால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்போதே இதை எடுத்து எழுதி வைப்பது உத்தமம்.

5. டிஸ்க்கிலிருந்து "டிக் டிக்" என்று சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். அதன் பிறகு அது டேட்டா ரெக்கவரி தெரிந்தவரின் வேலை.

6. எல்லாவற்றையும் காப்பி செய்து, சில ஃபைல்களைத் திறந்து பார்த்துவிட்டு, இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு பிரதி எடுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு பூட் பரிசோதனை செய்து பாருங்கள். யாரும் தடுக்கப் போவதில்லை.

பழைய சாப்ட்வேரே வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. டிஸ்க்2விஹெச்டி என்ற இலவச புரோகிராம் மூலம் டிஸ்க்கை ஒரே ஃபைலாக மாற்றி, விர்ச்சுவல் பாக்ஸில் ஓட்டிப் பார்க்கலாம். அதில் பழைய ஐடிஇ கன்ட்ரோலரையே தேர்ந்தெடுக்க முடியும் என்பதால் எக்ஸ்பி எழுந்துகொள்ள வாய்ப்பு அதிகம். ஆனால் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-உடன் முடிந்துவிட்டது. அதை இன்டர்நெட்டில் இணைக்காதீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவின் டிஸ்க்கைக் கேபிளில் மாட்டினோம். எல்லா ஃபோல்டரும் அப்படியே இருந்தன. டிசைன்கள் பிஎம்பி படங்களாக இருந்ததால் பெயின்ட்டிலேயே திறந்தன. பழைய டிசைன் சாப்ட்வேர்தான் வரவில்லை. அதன் டாங்கிள் பிரின்டர் போர்ட்டில் செருகும் வகை. புதிய கம்ப்யூட்டரில் அந்த போர்ட்டே கிடையாது. மாமா அதற்காக அதிகம் வருத்தப்படவில்லை. "டிசைன் இருக்குல்ல, அட்டையை அடிச்சுக்கலாம்" என்றார்.

எனவே ரிப்பேர் கடையில் டிஸ்க்கைக் கொடுக்கும்போது, "ரெடி பண்ணிக் கொடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். "முதலில் காப்பி எடுங்க, என்னைக் கேட்காமல் ஃபார்மட் பண்ணாதீங்க" என்று சொல்லுங்கள். அதையே பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். விண்டோஸை மறுபடியும் இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். குழந்தையின் முதல் பிறந்தநாளை மறுபடியும் எடுக்க முடியாது.