போனில் நூலகம் இருக்கிறது, படிக்க முடியவில்லை

போன மாதம் எங்கள் தெரு வாத்தியார் ஒரு நூலகத்துக்குப் போய்ப் பழைய புத்தகம் ஒன்றைக் கேட்டிருக்கிறார். எந்த ஊர் என்று எழுதமாட்டேன். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அதெல்லாம் ஆன்லைன்ல இருக்குங்கய்யா, போன்லயே பாத்துக்கலாம்" என்று பதில் வந்ததாம். வாத்தியாருக்கு எண்பது நெருங்குகிறது. ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. நேராக என் வீட்டுக்கு வந்து போனை நீட்டினார். "அந்த நூலகத்தை இதுல காட்டுங்க, பாப்போம்" என்றார.

தேடினேன். ஒரு மின்னூலகத்தில் புத்தகம் இருந்தது. ஆனால் திறந்தது புத்தகமல்ல, பக்கங்களின் படம். எழுத்தெல்லாம் எறும்பு வரிசை. விரலால் பெரிதாக்கினால் பாதி வரிதான் தெரிகிறது. வலப்பக்கம் இழுத்து மீதியைப் படித்து, மறுபடி இடப்பக்கம் இழுத்து அடுத்த வரியைத் தேட வேண்டும். இரண்டு பக்கத்தில் வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைக் கீழே வைத்துவிட்டார்.

நான் மின்னூல்களுக்கு விரோதி இல்லை. 1998 முதல் மதுரைத் திட்டத்துக்காரர்கள் சம்பளம் வாங்காமல் பழைய இலக்கியங்களைத் தட்டச்சு செய்து தருகிறார்கள். அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் அரிய நூல்களை ஸ்கேன் செய்து இலவசமாகத் தருகிறது. இரண்டுமே பெரிய தொண்டு. ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள். தட்டச்சு செய்த எழுத்து திரைக்குத் தக்கபடி மடங்கிக்கொள்ளும், பெரிதாக்கினாலும் வரி உடையாது, போனே வாசித்தும் காட்டும். படம் இதில் எதையும் செய்யாது. புத்தகத்தை அழியாமல் காப்பதற்குப் படம் போதும். போனில் படிப்பதற்கு எழுத்து வேண்டும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1827-லேயே பொது நூலகம் கண்ட ஊர் அது. அந்தப் பழக்கத்தில் இன்றும் பிரான்சின் தேசிய நூலகம் 1997-ல் தொடங்கிய 'காலிகா' தளத்துக்குப் போவேன். அங்கே பல நூல்களுக்குப் படத்தோடு எழுத்து வடிவமும் உண்டு. பிழைகள் இருக்கும், ஆனாலும் படிக்கலாம், சொல் தேடலாம். பிரெஞ்சுக்கு முடிவது தமிழுக்கு ஏன் முடியாது?

"எல்லாம் போனில் வந்துவிட்டது, இனிக் கிளை நூலகம் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததிலிருந்து நாம் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ரசீதை எடுத்துப் பாருங்கள். அந்தப் பணம் வாசகனுக்கானது. "போனில் பார்" என்று சொல்லி அனுப்புவது சேவை ஆகாது, தட்டிக்கழிப்பு.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதி 1931-ல் வெளியிட்டார். வாசகனின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது விதி. அதே வருஷம் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் நூலகம் புறப்பட்டது. வண்டியோடு ஆளும் போனார், புத்தகத்தை எடுத்துக் கொடுக்க. இன்றைக்கு வண்டி நம் சட்டைப்பைக்கே வந்துவிட்டது. எடுத்துக் கொடுக்கும் ஆளைத்தான் காணோம்.

கேட்பது பெரிதல்ல. கிளை நூலகத்தில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் முதியவர்களுக்குப் போனில் நூல் தேடவும், எழுத்தைப் பெரிதாக்கவும் சொல்லித்தர ஒருவர். இலவச மின்னூலகங்களின் முகவரிகள் பெரிய எழுத்தில் ஒரு பலகையில். இனி ஸ்கேன் ஆகும் நூல்களுக்கு எழுத்து வடிவமும்.

கடைசி வேலையில் நாமும் கை கொடுக்கலாம். நாட்டுடைமையான நூல்களைத் தன்னார்வலர்கள் விக்கிமூலத்தில் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்க்கிறார்கள். ஓய்வூதியம் வாங்கும் நமக்கு நேரமும் இருக்கிறது, தமிழும் தெரியும். கண் ஒத்துழைக்கிறவரை நாளைக்கு ஒரு பக்கம்.

எத்தனையோ மனுக்களில் 'கோப்பில் வைக்கவும்' என்று குறிப்பு எழுதிய கை இது. இப்போது அதே கையால் மாவட்ட நூலக அலுவலருக்கு மனு எழுதியிருக்கிறேன். கீழே முதல் கையெழுத்து வாத்தியாருடையது. உங்களுக்கும் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.